தலைத்தீபாவளிக்கு ஐந்து டயர்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம். வலது கை ஆள்காட்டி விரல், ஒரு லாரி ரிம்முக்கும் கடப்பாரைக்கும் நடுவில் மாட்டியதிலிருந்து வளைந்தே இருக்கிறது. பேனா பிடித்தால் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அச்சுக்குப் போகும் முன் யாராவது திருத்திக்கொள்ளுங்கள்.

டயர் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று கடைப் பையன்கள் வந்து கேட்டார்கள். வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்களாம். ஆள் எதிரில் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் நானே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அது ஆடி மாதம்.

அவர்கள் கேட்டது ஒரு கேள்விதான். மலைக்குப் போகும் பிக்கப்காரர்கள் போனில் படம் பார்த்துவிட்டு வந்து ஆல் டெரைன் டயர் வேண்டும் என்கிறார்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர் வீல் வண்டிக்கு எதைப் போடச் சொல்வது? ஒரு வரியில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் இவ்வளவு நாள் ஆகியிருக்காது.

சின்னமனூரில் ஒரே கடையில், ஒரே முதலாளியிடம்தான் கடைசி வரை இருந்தேன். பஞ்சர் ஒட்டினேன், பிறகு மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார், லாரி, டிராக்டர் என்று டயர் பெரிதாகிக்கொண்டே போனது, முதுகும் கூடவே தேய்ந்தது. கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும்.

அவர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. டயர் வாங்க வருகிறவர்களை முதலில் பழைய டயரைக் கழற்றிப் போடச் சொல்வார். அதைத் தரையில் படுக்கவைத்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை ஒருமுறை இடமிருந்து வலமாகவும் ஒருமுறை வலமிருந்து இடமாகவும் ஓட்டுவார். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறு பக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தால் சக்கரம் கோணலாக ஓடுகிறது என்று அர்த்தம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. கல் கடித்த தழும்பு எந்தப் பக்கம் அதிகம் என்றும் பார்ப்பார். வந்தவர் அதற்குள் பொறுமை இழந்து, "விலையச் சொல்லுங்க முதலாளி" என்பார். முதலாளி காதில் விழாத மாதிரி கேள்வி கேட்பார்.

"வண்டி எங்கன படுக்குது?"

அதாவது ராத்திரி வண்டி நிற்கும் இடம் எது, மலையிலா கீழேயா, வெயிலிலா கொட்டகையிலா. அடுத்து, "எறங்கும்போது என்ன ஏத்திக்கிட்டு எறங்குது?" ஏறும்போது என்ன லோடு என்று கேட்கவே மாட்டார். கடைசியாக, "ஓட்டுறது நீயா, ஆள் போட்டிருக்கியா?" ஆள் போட்டிருந்தால், அந்த ஆளை அனுப்பு என்று சொல்லிவிடுவார். இதற்காகவே பக்கத்துக் கடைக்குப் போனவர்கள் நிறைய.

பொட்டிப்புரத்து விவசாயி ஒருவர் பழைய ஃபோர் வீல் பிக்கப் வாங்கியிருந்தார். நம் பக்கத்தில் டயர் மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்றுவோம். அவரும் வேறு எங்கோ பெரிய பட்டன், அதாவது ரப்பர் கட்டிகள், வைத்த சேற்று டயர் இரண்டு வாங்கிப் பின்னால் மாட்டிவிட்டார். முன்னால் பழைய மொட்டை டயரே இருந்தது. சில நாளில் எங்களிடம் வந்தார்.

"முதலாளி, ஃபோர் வீல் கம்பி உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது. வண்டி முனகுது."

முதலாளி பார்த்துவிட்டுச் சொன்னார். "பின்னாடி ஒசரமா போட்டிருக்க, முன்னாடி தேஞ்சு குட்டையா கெடக்கு. நீயும் ஒன் சம்சாரமும் ஒரே கம்ப ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டு நடக்கீக. ஒருத்தரு எட்டு வச்சு நடந்தா இன்னொருத்தருக்குக் கை முறுக்கிக்காதா?"

"எங்க வீட்டுல அவதான் எப்பவும் முன்னால போவா."

"அப்ப முன்னால நல்ல டயரா போடு."

கடையே சிரித்தது. ஆனால் கியர் பெட்டி போனது போனதுதான். ஃபோர் வீல் வண்டிக்கு நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன். ஸ்டெப்னியும் அப்படியே இருக்க வேண்டும் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லுவார். யாரும் கேட்டதில்லை. நம் ஊரில் ஸ்டெப்னி என்றால், கழற்றிய பழசில் கொஞ்சம் நல்லதாகப் பார்த்து அடியில் தொங்கவிடுவதுதான்.

இனி என் மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் கவிதாவை ஓடைப்பட்டியில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை ஈஸ்வரன், சொந்தமாக ஒரு பழைய ஃபோர் வீல் பிக்கப் வைத்து மேகமலைக்கு ஓட்டுகிறார். காலையில் எஸ்டேட்டுக்கு அரிசி, உரம், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் என்று ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் பெண்களை இறக்கிக்கொண்டு வருவார். நல்ல உழைப்பாளி. எனக்கு அவரிடம் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பேச வராது. எங்கள் வழக்கத்தில் மாமனார் மாப்பிள்ளையோடு சரிக்குச் சமமாகப் பேசிக்கொண்டிருப்பதும் இல்லை. நானோ யாரிடமும் அதிகம் பேசாதவன். கல்யாணம் முடிந்து மாதக்கணக்காகியும் 'வாங்க', 'சாப்பிடுங்க' தவிர எங்களுக்குள் வேறு வார்த்தை கிடையாது.

தலைத்தீபாவளி நெருங்கியது. மோதிரம் போடலாம் என்று நானும் என் மனைவி பேச்சியம்மாளும் முடிவு செய்திருந்தோம். கவிதா போனில் கூப்பிட்டாள்.

"அவுகளுக்கு மோதிரம் வேணாமாம்ப்பா. வண்டிக்கு டயர் வாங்கிக் குடுக்கச் சொல்றாக."

பேச்சி போனைப் பிடுங்கினாள். "ஏத்தா, நல்ல நாளும் அதுவுமா கருப்புச் சாமானச் சீர்ல வைக்கவா? தெருவுல என்ன பேசுவாக?"

"கேட்டதச் சொன்னேன்மா. நாளைக்கு அப்பா கடைக்கு வாரோம்."

மறுநாள் இருவரும் வண்டியிலேயே வந்தார்கள். நான் கரி பிடித்த சட்டையோடு நின்றிருந்தேன். மாப்பிள்ளை வண்டியின் அந்தப் பக்கம் நின்றுகொண்டார். நான் இந்தப் பக்கம். கவிதா நடுவில்.

"மாப்பிள்ளைக்கு டீ சொல்லவா, கலர் சோடா சொல்லவா, கேளு."

"டீயா கலரான்னு அப்பா கேக்குறாக."

"ஒன்னும் வேணாம்னு சொல்லு."

"ஒன்னும் வேணாமாம்ப்பா."

நாற்காலியில் இருந்த முதலாளி பேப்பரை விட்டுத் தலை தூக்காமலே, "சுருளி, நடுவுல ஒரு வேட்டியக் கட்டித் தொங்கவிடட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

கவிதா போனைக் காட்டினாள். பெரிய பட்டன் வைத்த சேற்று டயர். ஒவ்வொரு பட்டனும் வெல்லக்கட்டி அளவு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் பழைய டயர் பக்கத்தில் உட்கார்ந்து தடவினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை போன போக்கில் வாயும் போனது.

"வண்டி எங்கன படுக்குதுன்னு கேளும்மா."

"எங்க வீட்டு வாசல்லதான். ஒங்கப்பாவுக்கு அது தெரியாதா?" என்று மாப்பிள்ளை அவளிடம் சொன்னார்.

"எறங்கும்போது என்ன ஏத்திக்கிட்டு..."

"பொம்பளையாளுக மட்டுந்தான்னு சொல்லு. லோடெல்லாம் ஏறும்போதுதான்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் பாரமில்லாத வண்டி, மேலே ஆட்கள், மழை நனைத்த தார் ரோடு, கொண்டை ஊசி வளைவு. சேற்று டயரில் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் இடைவெளி அதிகம். சேற்றில் அது நல்லது, சேறு ஒட்டாமல் தெறித்துவிடும். ஈரத்தாரிலோ கொஞ்ச ரப்பர்தான் தரையைத் தொடும். ரோட்டு டயர் நெருக்கமாக இருக்கும், தாரைப் பிடிக்கும், சேற்றில் வழித்துப் பூசிக்கொண்டு நிற்கும். ஆல் டெரைன் என்பது இரண்டுக்கும் நடுவில். இரண்டு வேலையும் செய்யும், இரண்டிலும் முதல் மார்க் வாங்காது. பையன்களே, உங்கள் கேள்விக்குக் கடைப் பதில் இதுதான்.

"நடு டயர் போதும்னு சொல்லும்மா," என்றேன்.

மாப்பிள்ளை கவிதாவை ஏறச் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் கவிதா மட்டும் போன் செய்தாள்.

"அவுக மூஞ்சியே சரியில்லப்பா. கேட்டது ஒன்னு, நீங்க குடுக்கிறது ஒன்னா இருந்தா எப்படி? அங்கன இருக்கப்போறது நான்தானே?"

அவள் சொன்னதும் சரி. சீர் என்பது கேட்டதைக் கொடுப்பது. கொடுக்க முடியாவிட்டால் முடியாது என்று சொல்லலாம், மாற்றிக் கொடுத்தால் அது காலமெல்லாம் பேச்சாகும். கேட்டதைக் கொடுத்து, அந்த வண்டி ஒருநாள் வளைவில் வழுக்கினால், மாட்டிவிட்ட கை என் கை. இரண்டையும் நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முதலாளியிடமே, நீங்கள் மாப்பிள்ளையிடம் பேசுங்கள் என்று கேட்டேன்.

"எனக்கு என்ன, கேட்டதக் குடுத்துட்டுப் போயிருவேன். ஒன் மருமகன். நீ பேசு."

"என்ன பேசுறதுன்னு தெரியல முதலாளி."

"தெரியாதுல்ல? பாக்காத ரோட்டுக்கு எப்படிலே டயர் சொன்ன? நாளைக்கு லீவு எடுத்துக்க. அந்த வண்டியில ஒரு நடை ஏறி எறங்கிட்டு வா."

கவிதா மூலமாகச் சொல்லி அனுப்பி, அடுத்த நாள் காலையில் ஏறினேன். தென்பழனி செக்போஸ்ட் வரை நான் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் இருந்த பெண்கள்தான் பேசினார்கள். மேகமலை வரை தார் ரோடு, நன்றாகவே இருந்தது. மணலாறு தாண்டி எஸ்டேட் பாதையில் திரும்பியதும் கல்லும் கருஞ்சேறும். ஏலத்தோட்டத்துக்கு ஏறும் ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. நான்கு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை.

பெண்கள் தாங்களாகவே இறங்கினார்கள். பழக்கமான வேலை போலிருக்கிறது. அதில் மூத்தவர் ஒருவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார். "ஏலே ஈஸ்வரா, நாளையில இருந்து ஒன் வண்டிய நாங்க தலையில தூக்கிட்டு வந்திருறோம். நீ பின்னால நடந்து வா."

"மாமனாரக் கூட்டியாந்திருக்கான்டி. அவரயும் சேத்துத் தூக்கணும்," என்றார் இன்னொருவர்.

"ஒல்லியாத்தான் இருக்காரு. தூக்கிரலாம்."

மாப்பிள்ளையின் காது சிவந்துபோனதைப் பார்த்தேன். இது தினமும் நடக்கிறது. தினமும் அவர் இதைக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார். கடையில் உட்கார்ந்து பழைய டயரைத் தடவியபோது இது என் கைக்குத் தெரியவில்லை.

நான் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு குச்சியால் வால்வை அழுத்தி நான்கு டயரிலும் காற்றைப் பாதிக்கு இறக்கினேன். டயர் கொஞ்சம் பரந்து உட்கார்ந்தது. வண்டி ஊர்ந்து அந்த மேட்டை ஏறிவிட்டது. ஆனால் அடுத்த மேட்டில் மறுபடி நின்றது. மறுபடி தள்ளினோம், நானும் சேர்ந்து. மாப்பிள்ளை சேற்று டயர் கேட்டதில் தப்பே இல்லை என்று அப்போது தெரிந்தது.

சாயங்காலம் இறங்கும்போது தூறல். மாப்பிள்ளை ஒரு சைக்கிள் பம்பு வைத்திருந்தார், அதில் மாறி மாறிக் காற்றடித்துவிட்டுத்தான் தாரில் இறங்கினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றும் இல்லை, வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் தூரம் தானாக நகர்ந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். ஆனால் பின்னால் பெண்கள் பேச்சை விட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் நிறுத்துங்க," என்றேன்.

வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கி வண்டி நகர்ந்த இடத்துக்கு நடந்து போய், உட்கார்ந்து ரோட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். தார் வழவழவென்று இருந்தது. மேலே பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து பாசி கட்டியிருந்தது. மாப்பிள்ளையும் வந்து பக்கத்தில் நின்றார். நடுவில் கவிதா இல்லை. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"மேல நின்னுபோச்சுன்னா தள்ள ஆள் இருக்காக மாப்பிள்ளை. இங்கன வழுக்குனா புடிக்க ஆள் இல்ல."

அவர் குனிந்து தானும் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, "நீங்க பேசுவீகன்னு கவிதா சொல்லவே இல்லையே," என்றார்.

பிறகு டயர் வாங்குவதில் கஷ்டம் இருக்கவில்லை. நடு டயர்தான், ஆனால் ஓரத்தில் பட்டன் கொஞ்சம் முரடாக, பட்டன்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் வெளியே திறந்திருக்கும் ரகம். ஒரே டிசைன் காருக்கு ஒரு மாதிரியும் லோடு வண்டிக்கு ஒரு மாதிரியும் வரும். கார் டயர் பக்கச்சுவர் மெல்லிசு, மலைக்கல் கடித்தால் கிழியும். அதனால் பிளை, அதாவது உள்ளே இருக்கும் நூல் அடுக்கு, அதிகம் உள்ளதாக எடுத்தேன். அகலமான டயர் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று மாப்பிள்ளை கேட்டார். அகலம் சேற்றின் மேல் மிதக்கும், ஒடுக்கமானது கீழே கெட்டித் தரையைத் தேடிப்போகும், அதனால் கம்பெனி அளவே இருக்கட்டும் என்றேன். சரி என்றார். டயரின் பக்கத்தில் அது எந்த வாரம், எந்த வருடம் பிறந்தது என்று நான்கு எண்ணாகப் போட்டிருப்பார்கள். எல்லாம் ஒரே வாரத்தில் பிறந்ததாகப் பார்த்து எடுத்தேன். கூடவே கால் பம்பு ஒன்றும், காற்றுப் பார்க்கும் அளவுமானியும். மேலே போனதும் காற்றை இறக்க வேண்டும், தாருக்கு வரும் முன் ஏற்ற வேண்டும். ஆல் டெரைன் டயர் தானாக எல்லா ரோட்டிலும் ஓடாது. ஓட்டுகிறவன் இறங்கி ஏறி உழைக்க வேண்டும்.

நான் எடுத்து வைத்தது நான்கு. பேச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"சீர நாலா வைக்கவா? அஞ்சு, ஏழு, ஒம்போதுதான் வைக்கணும்."

"வண்டிக்கு நாலு சக்கரந்தாம்மா," என்றாள் கவிதா.

"அடியில ஒன்னு தொங்குதுல்ல, அது எதுக்கு?"

முதலாளியிடம் சொன்னபோது, அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. "கடை வச்ச நாள்ல இருந்து அஞ்சு வாங்குங்க, அஞ்சு வாங்குங்கன்னு தொண்ட வத்திப்போச்சு. ஒருத்தனும் கேக்கல. ஒன் பொண்டாட்டி ஒத்த வார்த்தையில வித்துட்டா."

தீபாவளியன்று எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து டயரும் சுவரில் சாய்ந்து நின்றன, சந்தனமும் குங்குமமும் வைத்து. பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பேச்சி, மருமகனுக்கு மோதிரத்தப் பெருசா செஞ்சுட்டீக போல," என்றார். மாப்பிள்ளை ஒரு டயரைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டார். அவருக்கு மனத்தாங்கல் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நன்றாகச் சாப்பிட்டார்.

கார்த்திகை மழையில் ஒருநாள் கடைக்குத் தனியாக வந்தார். ஒரு டயரை இறக்கி, என் முன்னால் தரையில் படுக்கவைத்தார். பக்கச்சுவரில் நீளமான வெட்டு. என் வளைந்த விரல் உள்ளே போனது.

"மேகம் எறங்கி மூடாப்பா இருந்துச்சு. செக்போஸ்ட் சாத்திருவாகன்னு அவசரம். காத்து அடிக்காம எறங்கிட்டேன் மாமா."

காற்றில்லாத டயர் வளைவில் மடிந்து, ஓரத்து வடிகால் கல் கிழித்திருக்கிறது. வண்டி ஓரத்துக்கு இழுத்து நின்றுவிட்டது. பெண்கள் இறங்கி, சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு சுற்றி நிற்க, மழையிலேயே ஐந்தாவது டயரை மாட்டியிருக்கிறார். அதுவும் அதே டயர் என்பதால் ஃபோர் வீல் போட்டே மெதுவாக இறங்கியிருக்கிறார். பழைய மொட்டை ஸ்டெப்னியாக இருந்தால் அது முடிந்திருக்காது.

"ஆளுக?"

"ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல."

"கவிதாகிட்ட சொன்னீகளா?"

"இல்ல. நீங்களும் சொல்லாதீக."

சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். அவள் படிக்கட்டும், அது முடிந்துபோன விஷயம்.

அந்த ஐந்தாவது டயர்தான் எல்லோரையும் காப்பாற்றியது என்று பேச்சி கேட்டால் சொல்லுவாள். நான் அப்படி எழுத மாட்டேன். அவர் ஆசைப்பட்ட சேற்று டயரைப் போட்டிருந்தால் மேலே காற்றை இறக்கும் வேலையே வந்திருக்காது, டயர் கிழிந்திருக்காது. அல்லது அந்தப் பாசி வளைவில் என்றைக்கோ வழுக்கியிருக்கும். எது நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். டயர் மாற்றிய இத்தனை வருடத்தில், நான் மாட்டிவிட்ட எந்த டயரும் பிறகு என்ன செய்தது என்று முழுதாக எனக்குத் தெரியவந்ததில்லை. மாட்டுவோம், காற்றடிப்போம், வண்டி போய்விடும். பஞ்சர் ஆனால்தான் திரும்பி வரும்.

பிறகு ஒரு டிராக்டர் டயரைத் தூக்கும்போது முதுகில் ஏதோ நழுவியது. டாக்டர் இடுப்புக்கு பெல்ட் கொடுத்து, கனம் தூக்கக் கூடாது என்றார். கனம் தூக்காத டயர் வேலை ஏது. அதோடு நின்றுவிட்டேன். இப்போது கடையில் மெஷின் டயரைக் கழற்றுகிறது. முன்பே வந்திருந்தால் என் முதுகு மிஞ்சியிருக்கும். அதைத் தவிர அந்த வேலையைப் பற்றி எனக்கு ஏக்கம் ஒன்றும் இல்லை. அலுப்புதான் மிச்சம்.

நேற்று தீபாவளி. மாப்பிள்ளையும் கவிதாவும் வந்தார்கள். அந்தப் பழைய செட் தேய்ந்துபோய், இந்தமுறை அவரே வாங்கி மாட்டியிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. பெரிய பட்டன் வைத்த சேற்று டயர், முதலில் கவிதா போனில் காட்டினாளே, அதே ரகம். நான் வாசலில் நின்று பார்த்தேன். அடியில் தொங்கிய ஸ்டெப்னியும் புதுசு.

"அஞ்சா வாங்குனீக?"

"நாலு வாங்குனா அத்த விடுவாகளா?"

கவிதா கொஞ்ச நேரம் எங்கள் நடுவில் நின்றாள். வேலை இல்லை என்று தெரிந்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"மழையில எப்படி மாப்பிள்ளை?"

"வழுக்குது மாமா. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்பல்லாம் மேல யாரும் தள்ளுறது இல்ல. அந்த வளைவுக்கு முன்னாலயே ரெண்டாவது கியருக்கு வந்துருவேன். நான் மறந்தாலும் பொம்பளையாளுக விட மாட்டாக. 'ஒன் மாமனார் ரோட்டுக்கு எண்ணெ தேச்சுவிட்ட எடம் வருதுடா, மெதுவா போ'ன்னு பின்னால இருந்து கத்துவாக."

நான் குனிந்து அந்தப் பட்டன்களை ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

பையன்களுக்கு இன்றைக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மலைப்பக்கம் கருத்துக்கொண்டு நல்ல மழை. மாப்பிள்ளை விடியும் முன்பே ஏறிவிட்டார், சாயங்காலம் வந்து கவிதாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் இரண்டு தடவை வாசலுக்குப் போய்விட்டு வந்தாள். சேற்று டயருக்கு இன்னொரு குறை உண்டு, எழுத விட்டுவிட்டேன். தார் ரோட்டில் வரும்போது தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரைச்சல் போடும். ஊரே திரும்பிப் பார்க்கும். இதற்காகவே வேண்டாம் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

தெருமுனையில் இப்போது அந்த இரைச்சல் கேட்கிறது. இறங்கிவிட்டார்.

சுருளிவேல்,
சின்னமனூர்.
ஐப்பசி மாதம், தீபாவளிக்கு மறுநாள், விளக்கு வைக்கும் நேரம்.